"உங்கள் இணைப்பைச் சரிபார்க்கவும்": மூடிய நிரலும் உழைப்பவர் மீது விழும் பழியும்

மூன்று மாலைப்பொழுதுகளை விழுங்கிய ஒரு சிறு தொல்லையிலிருந்து தொடங்குகிறேன். மட்டாஞ்சேரியில் உள்ள எங்கள் கிளை அலுவலகத்திலிருந்து வாரந்தோறும் காணொலி வழியே ஒரு கூட்டம் நடைபெறும். ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் வரும் கட்சி ஆவணங்களை யார் யார் தமிழாக்குவது, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல்லைக் கொள்வது என்று சென்னைத் தோழர்களோடும் கோவைத் தோழர்களோடும் கலந்து முடிவு செய்யும் கூட்டம் அது. அதற்கு நாங்கள் நெடுநாளாகப் பயன்படுத்தி வந்தது ஒரு பெருநிறுவனத்தின் மூடிய செயலி. ஒரு வியாழன் மாலை அது இணைய மறுத்தது. திரையில் வட்டம் சுழன்றது, சுழன்று ஓய்ந்தது, பிறகு ஒரே வரி தோன்றியது: "உங்கள் இணைப்பைச் சரிபார்க்கவும்."

சரிபார்த்தோம். அதே கணினியில் நாளிதழ்கள் திறந்தன; மின்னஞ்சல் போயிற்று, வந்தது. அதே செயலி, அலுவலக இணைப்பை விட்டுக் கைப்பேசியின் தரவு இணைப்புக்கு மாற்றியதும் ஒழுங்காக இயங்கியது. இணைப்பும் நலம், செயலியும் நலம். இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஆகாது. இணைப்பு தரும் நிறுவனத்தாரைக் கேட்டால், "எங்கள் பக்கம் பழுதில்லை, செயலிக்காரர்களைக் கேளுங்கள்" என்றார்கள். செயலி நிறுவனத்துக்கு எழுதினால் மனிதர் கை படாத ஒரு பதில் வந்தது. அதில் இருந்ததும் அதே வரிதான்.

எங்கள் கிளையில் ஓர் இளந்தோழர் இருக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளியாகக் கண்ணாடியிழை வடம் இழுப்பவர். அவருக்குப் பட்டம் எதுவும் இல்லை; எனக்கிருக்கும் தமிழ் முதுகலைப் பட்டத்தால் அன்று யாதொரு பயனும் விளையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாலை அவர் 'பிங்' போட்டுப் பார்த்தார். செயலியின் சர்வர் பதில் தந்தது. 'டிரேஸ்ரூட்' போட்டுப் பார்த்தார். நம்மிடமிருந்து புறப்படும் தரவுப் பொட்டலம் எந்தெந்த ரவுட்டர்களைத் தாண்டிப் போகிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும் கருவி அது. வழி முழுவதும் சீராக இருந்தது. பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். ஏற்பாட்டிலும் குறையில்லை. இரண்டாம் மாலை 'வயர்ஷார்க்' என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவி, கணினியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலுறையையும் படிக்கத் தொடங்கினார். மூன்றாம் மாலை விடை கிடைத்தது. விடை போன்ற ஒன்று கிடைத்தது என்பதே சரி.

இணையத்தில் இன்று இருவகை முகவரிகள் வழக்கில் உள்ளன. ஒன்று பழைய நான்காம் பதிப்பு. மற்றது புதிய ஆறாம் பதிப்பு. எங்கள் இணைப்புக்கு ஆறாம் பதிப்பு முகவரியும் தரப்பட்டிருந்தது. ஆனால் அம்முகவரிக்குரிய வழி எங்கோ அறுந்திருந்தது. அவ்வழியே போன பொட்டலம் போனதுதான்; திரும்பவில்லை. உலாவிகள் இத்தகைய நிலையில் கண்ணிமைக்கும் நேரம் காத்திருந்து பழைய பதிப்புக்குத் தாவிவிடும்; நாளிதழ்கள் திறந்தது அதனால்தான். எங்கள் சோதனைகளும் பழைய பதிப்பின் வழியே போனமையால்தான் எல்லாம் நலம் என்று காட்டின. இந்தச் செயலி மட்டும் தாவாமல், அறுந்த வழியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் ரவுட்டரில் ஆறாம் பதிப்பை அணைத்தோம், கூட்டம் நடந்தது.

செயலி ஏன் தாவவில்லை? தாவக் கூடாதென்று எழுதி வைத்தார்களா, எழுத மறந்தார்களா, அல்லது நாங்கள் காணாத வேறு காரணம் உண்டா? மூல நிரலைப் பார்க்க முடிந்தால் விவரமறிந்த ஒருவருக்கு அது சிறிது நேர வேலை. பார்க்க முடியாது. எனவே மூன்று மாலை உழைத்து எங்கள் தோழர் கண்டது ஊகம். சரியான ஊகமாகவே இருக்கலாம், ஆயினும் ஊகம். அந்நிறுவனம் மறுத்துவிட்டால், எதிரில் வைத்துக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.

மொழிபெயர்ப்பவருக்கு இந்த நிலை புதிதன்று. ஜெர்மனில் எழுதப்பட்டதை ஆங்கிலத்தின் வழியே தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் நாம். ஒரு வாக்கியம் இடறும்போது, இடறல் ஆசிரியருடையதா, ஆங்கிலத்தில் பெயர்த்தவருடையதா, நம்முடையதா என்ற ஐயம் எழும். ஆனால் ஜெர்மன் மூலம் நூலகத்தில் இருக்கிறது. படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டால் வழக்கு தீர்ந்துவிடும். மூடிய செயலிக்கு அந்த நூலகம் இல்லை. அதன் மூலத்தை வைத்திருப்பவரே வாதி, அவரே சாட்சி, அவரே நீதிபதி.

எங்கள் தோழரால் அவ்வளவு தூரமாவது போக முடிந்ததற்குக் காரணம் என்ன? இணையத்தின் வழிகள் பொதுவில் இருப்பதுதான். பொட்டலம் எப்படிக் கட்டப்பட வேண்டும், ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழியை எப்படி அறிவிக்க வேண்டும் என்னும் விதிகள் யாவும் யாரும் படிக்கத்தக்க ஆவணங்களாக வெளியிடப்பட்டவை. 'பிங்' என்னும் கருவியை 1983இல் எழுதியவர் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் ஊழியராக இருந்த மைக் மூஸ். பொதுப்பணத்தில் பிறந்து பொதுவில் விடப்பட்ட சிறு நிரல் அது. கொச்சியில் கரையேறிய சீ-மீ-வீ 3, சேஃப் ஆகிய கடலடி வடங்களின் வழியே ஓடிய பொட்டலங்களும், எங்கள் தெருக் கம்பத்தில் தொங்கும் வடத்தின் வழியே ஓடும் பொட்டலங்களும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. வழி பொதுவுடைமையாக இருக்கிறது. வழி போய்ச் சேரும் வாசல்தான் தனியுடைமை.

2021 அக்டோபர் 4ஆம் நாள் இரவு வாட்சப் நின்றது நினைவிருக்கும். நம்மில் பலர் கைப்பேசியை அணைத்து அணைத்துப் போட்டோம். ஃபேஸ்புக் நிறுவனத்தின் எல்லாச் சேவைகளும் ஏறத்தாழ 6 மணி நேரம் உலகெங்கும் நின்றுபோயின. அந்நிறுவனத்தின் டி.என்.எஸ். கணினிகளுக்குச் செல்லும் வழி அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டன என்பதை அந்நிறுவனத்தைச் சாராத பொறியாளர்கள் சில நிமிடங்களிலேயே கண்டுகொண்டார்கள். வழி அறிவிப்பு முறை திறந்த முறையாதலால் அது யாவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அறிவிப்பு ஏன் திரும்பப் பெறப்பட்டது என்பது அந்நிறுவனம் தானே வாய்திறந்து, பராமரிப்புப் பணியின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளை எங்கள் முதுகெலும்பு வலைப்பின்னலை அறுத்துவிட்டது என்று சொன்ன பிறகே உலகுக்குத் தெரிந்தது. அன்று அவர்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இருந்தது: பங்குச்சந்தை கேட்டது, பத்திரிகைகள் கேட்டன, உலகமே கேட்டது. ஒரு மொழிபெயர்ப்புக் குழு கேட்டால் யார் சொல்வார்கள்?

எங்கள் கூட்டம் ஒரு வாரம் தடைபட்டதால் வர்க்கப் போராட்டம் ஒன்றும் தள்ளிப்போய்விடவில்லை. அந்த ஒற்றை வரியின் மீது கூலியும் அரிசியும் தொங்கும்போதுதான் இது நம் கட்சியின் கவலையாகிறது.

100 நாள் வேலைத்திட்டத் தளங்களில் வருகைப் பதிவுக்கென்று ஒன்றிய அரசு 2021 மே மாதம் என்.எம்.எம்.எஸ். என்னும் கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்தது. 2022 மே முதல் 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் தளங்களில் கட்டாயம் என்றார்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாத் தளங்களிலும் கட்டாயம் என்றார்கள். நாளுக்கு இருமுறை நிழற்படம் எடுத்து ஏற்ற வேண்டும். படம் ஏறவில்லையென்றால் வருகை இல்லை. வருகை இல்லையென்றால் கூலி இல்லை. வெயிலில் மண் வெட்டியவர் வெட்டியது வெட்டியதுதான். கரை உயர்ந்து நிற்கிறது. பணித்தளப் பொறுப்பாளர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் செயலி பார்க்கவில்லை. அங்கே அலைவரிசை இல்லையா, சர்வர் திணறியதா, படத்தை ஏற்றும் நிரலில் பிழையா என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் தொடங்கிய 100 நாள் தர்ணாவில் இந்தச் செயலியை நீக்குவதும் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்ததை நம் ஏடுகள் எழுதின. ஆனால் "செயலி வேண்டாம்" என்று எழுதிய அளவுக்கு, "செயலியின் உள்ளே என்ன இருக்கிறது, காட்டு" என்று நாம் எழுதவில்லை. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கையில், தொடர்பற்ற படங்களும் படத்தைப் படமெடுத்த படங்களும் ஏற்றப்படுவதை ஒப்புக்கொண்டது. திருடரைத் தடுக்கவென்று வந்த கருவியைத் திருடர் தாண்டிப் போனார்கள். உழைத்தவர்தான் வாசலில் நின்றார்.

கேரளத்துக்கு வருவோம். இங்கே ரேஷன் கடைகளில் இ-போஸ் இயந்திரத்தில் விரல் வைத்தால்தான் அரிசி. அந்த ஏற்பாட்டின் மென்பொருள் ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தகவலியல் மையத்தாருடையது. இயந்திரம் அடிக்கடி திணறியது. 2023 ஏப்ரல் இறுதியில் பழுது நீக்குவதற்கென்று மாநிலம் முழுவதும் சில நாட்கள் ரேஷன் வழங்கலையே நிறுத்திவைக்க நேர்ந்தது. பழுது எங்கே? சர்வரிலா, தரவு மையத்திலா, கடைக்கு வரும் இணைப்பிலா? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். எங்கள் அலுவலகத்தில் நடந்தது போன்றதே, மாநில அளவில். ஒரு வேறுபாடு: எங்களுக்கு ஒரு கூட்டம் போயிற்று, அங்கே பையோடு வந்தவர் வெறும் பையோடு திரும்பினார். வந்தவரின் கோபம் விழுந்ததோ கடைக்காரர் மீது. கூலிக்கு எடைபோடும் அந்த மனிதருக்கு ஹைதராபாத்தின் நிரலைப் பற்றி என்ன தெரியும்?

இப்படி இருட்டில் விழும் பழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி சொல்கிறது. அங்கே அஞ்சல் துறை 1999 முதல் 'ஹொரைசன்' என்னும் கணக்கு மென்பொருளைத் துணை அஞ்சலகங்களில் புகுத்தியது; செய்து தந்தது ஃபுஜிட்சு. மென்பொருள் காட்டிய தொகைக்கும் பெட்டியில் இருந்த தொகைக்கும் வேறுபாடு வந்தது. அதை ஈடுகட்ட வேண்டியவர் அஞ்சலகம் நடத்துபவர். ஈடுகட்டாவிட்டால் திருட்டு வழக்கு. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டார்கள். கருவுற்றிருந்த சீமா மிஸ்ரா 2010இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அக்கணக்குகளில் தொலைவிலிருந்து கைவைக்க எவராலும் இயலாது என்று அஞ்சல் துறை அடித்துச் சொல்லி வந்தது. இயலும் என்பது பின்னர் வெளிப்பட்டது. கணினி ஒழுங்காகவே இயங்கியது என்று கொள்க. இயங்கவில்லை என்று காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருடையது என்பது அந்நாட்டுச் சட்டத்தின் அனுமானம். நிரலை அவர்கள் பார்க்கவே முடியாது; பிறகு எப்படிக் காட்டுவது? ஆலன் பேட்சும் அவரோடு 500க்கு மேற்பட்டோரும் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் வந்த தீர்ப்புதான் மென்பொருளின் பிழைகளை வெட்டவெளிச்சமாக்கியது. 2024 மே மாதத்தில் பிரிட்டன் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அத்தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது. சிறையில் கழிந்த நாட்களை எந்தச் சட்டம் ரத்து செய்யும்?

இவ்வளவையும் மட்டாஞ்சேரியில் உட்கார்ந்து எழுதும்போது 'சாப்பா'வை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் அன்றைய வேலைக்கு அடையாளமாக உலோக வில்லைகளைத் தருவார்கள்; அதுதான் சாப்பா. தருவார்கள் என்றா சொன்னேன்? எறிவார்கள். விடியலில் கூடி நிற்கும் நூற்றுக்கணக்கான தொழிலாளர் நடுவே கங்காணி வில்லைகளை வீசுவார். பாய்ந்து, மிதித்து, அடித்துப் பிடித்துப் பொறுக்கியவருக்கு அன்று வேலை. மற்றவர் வீட்டில் அன்று உலை இல்லை. இந்த முறைக்கு எதிராக எழுந்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைத், சைதலவி, ஆண்டனி ஆகிய மூவர் அப்போராட்டத்தின் தியாகிகள். அவர்கள் கேட்டது கூடுதல் கூலி மட்டும் அன்று. வேலை யாருக்கு, எந்த முறையில் என்பது எல்லோருக்கும் தெரியும் ஒழுங்கில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். பெயர் பதிந்த பட்டியல், பட்டியலின்படி முறை: துறைமுகத் தொழிலாளர் வாரியங்களின் பொருளே அதுதான். இன்றைய செயலியும் ஒரு சாப்பாதான். ஆனால் அன்று எறிந்த கை கண்ணுக்குத் தெரிந்தது. கங்காணியின் பெயர் தெரிந்தது. அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடிந்தது.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, இப்போது தில்லியிலிருந்து வரும் சுதேசி முழக்கம். 2025 ஜூலை 18ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததைத் தொடர்ந்து, குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை முடக்கியது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி நடக்கும், பணம் கட்டிச் சேவை பெற்ற நிறுவனம்! அது தில்லி உயர்நீதிமன்றம் போன பிறகே சேவை திரும்பியது. ஏகாதிபத்தியத்தின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் ஒன்றிய அரசு இதிலிருந்து கற்ற பாடம் என்ன? செப்டம்பரில் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், தாம் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார். வேறு அமைச்சர்களும் பின்தொடர்ந்தார்கள். 'அரட்டை' என்னும் தமிழ்ப்பெயர் கொண்ட செயலி திடீரென்று நாடு முழுவதும் பேசப்பட்டது. தமிழ்ச்சொல் ஒன்று தில்லியில் புழங்குவதில் தமிழ் படித்தவருக்கு ஒரு கணம் மகிழ்ச்சி வரத்தான் செய்கிறது. தென்காசிப் பக்கம் வேலைவாய்ப்பு வருவதும் நல்லதே. அங்குள்ள பொறியாளர்களின் திறனில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த நிரலும் மூடிய நிரலே. பழுது வந்தால் ரெட்மண்டைக் கெஞ்சுவதற்குப் பதில் தென்காசியைக் கெஞ்சலாம் என்பதுதான் மாற்றம். முதலாளியின் ஊர் மாறுவது தொழிலாளிக்கு விடுதலை ஆகுமானால், டாட்டாவின் ஆலையில் தொழிற்சங்கமே தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது மறுப்பு: நிரலைத் திறந்து வைத்தால் பாதுகாப்பு போய்விடும். இது கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் மறைப்பே பாதுகாப்பு என்பதை 1883லேயே டச்சுக்காரரான கெர்க்காஃப்ஸ் மறுத்துவிட்டார்: ஒரு மறைமொழி முறையின் அமைப்பு முழுவதும் எதிரியின் கையில் சிக்கினாலும், சாவி மட்டும் சிக்காதவரை அது காக்க வேண்டும். பூட்டின் படம் ஊருக்கே தெரியலாம். சாவி மட்டும் நம்மிடம் இருந்தால் போதும். இன்று வங்கிப் பணத்தைக் காக்கும் மறைமொழி முறைகள் பொதுவில் வெளியிடப்பட்டவையே. மூடிய நிரலின் காவல் எப்படிப்பட்டது என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருள் அனுப்பிய பழுதான ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படியே 85 லட்சம் கணினிகளைச் சாய்த்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் ஏறும் அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காவலாளி தடுக்கி விழுந்ததில் வீடே இடிந்தது.

மூன்றாவது மறுப்பு நம்மவர்களிடமிருந்து வருவது. எனக்கு அதிகம் வலிப்பதும் அதுதான். "இது கணினி தெரிந்த பையன்களின் விவகாரம், நமக்கு அரசியல் இருக்கிறது" என்கிறார்கள். கேரள இடதுசாரி இயக்கத்தின் வரலாறே இதற்கு மறுமொழி. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. பள்ளிப் பாடத்தில் ஒரு தனி நிறுவனத்தின் மென்பொருளைத் திணிப்பதை எதிர்த்தவர்கள் கே.எஸ்.டி.ஏ. ஆசிரியர்கள், சுண்ணக்கட்டி பிடித்த கைகள் அவை. அச்சுதானந்தன் முதல்வராக இருந்த ஆண்டுகளில் அது மாநிலக் கொள்கையாக வேர்கொண்டது. இன்று 'கைட்' அமைப்பின் வழியே பள்ளிகளில் 2 லட்சம் கணினிகள் கட்டற்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. அதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்பது மாநில அரசின் கணக்கு. மின்வாரியத் தொழிலாளர்களே எழுதிய 'ஒருமா' என்னும் பட்டியல் மென்பொருளும் இம்மரபில் பிறந்தது. 2023 ஜூன் 5ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன், வழியையும் பொதுத்துறையின் கையில் கொண்டுவந்தது. அதன் வடம் ஓடுவது மின்வாரியக் கம்பங்களின் மேல். தமிழ்நாட்டிலும் எல்காட் நிறுவனத்தை உமாசங்கர் நடத்திய காலத்தில் லினக்ஸுக்கு மாறும் முயற்சி நடந்தது. பின்னர் அது தேய்ந்தது. தேய்ந்தபோது நாம் எத்தனை தீர்மானம் போட்டோம்?

நம் பக்கமும் கறை இல்லாமல் இல்லை. 2020 ஏப்ரலில் கோவிட் விவரங்களை ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தளத்துக்குக் கொடுத்த ஒப்பந்தத்தை எதிர்க்கட்சியினர் சந்தர்ப்பவாதமாகப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் கேள்வி தவறன்று. அவசரம் என்ற சொல்லின் நிழலில் மூடிய கதவுகள் எளிதாக உள்ளே வந்துவிடுகின்றன. வழியைப் பொதுவாக்கிவிட்டு வாசலைத் தனியாரிடம் விட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

அப்படியானால் என்ன கேட்பது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அரசுச் செயலிகளின் மூல நிரலைத் திறந்து வைத்துக் கூட்டாக மேம்படுத்துவது என்னும் கொள்கையை ஒன்றிய அரசே 2015இல் வெளியிட்டது. அது காகிதத்தில் தூங்குகிறது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு: ஆரோக்கிய சேது செயலியை 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஊழியர் மீது கட்டாயமாக்கியபோது எழுந்த எதிர்ப்பின் பிறகு, மே இறுதியில் அதன் ஆண்ட்ராய்டு நிரலை வெளியிட்டார்கள். நோய்க்காலத்துச் செயலிக்கு முடிந்தது, கூலிச் செயலிக்கு ஏன் முடியாது?

கூலி, ரேஷன், ஓய்வூதியம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் எந்தச் செயலியின் நிரலும் பொதுவில் இருக்க வேண்டும். இது விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில், நாட்கூலிக்கு அடுத்த வரியில் இடம்பெற வேண்டும். செயலி தோற்றால் அத்தோல்வியின் பதிவு, நாள், நேரம், காரணக் குறியுடன் தொழிலாளி கையில் அச்சாகக் கிடைக்க வேண்டும். "இணைப்பைச் சரிபார்க்கவும்" என்ற வரி எந்த அலுவலகத்திலும் பதிலாக ஏற்கப்படக் கூடாது. செயலி நின்ற நாளில் பொறுப்பாளர் கையெழுத்திட்ட தாள் பதிவேடு செல்லுபடியாக வேண்டும். தொழிலாளி வந்தாரா இல்லையா என்ற வழக்கில் மெய்ப்பிக்கும் சுமை கருவியின் உடைமையாளருடையதாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 900 குடும்பங்கள் பட்டுத் தெரிவித்தது இது. இவற்றை எங்கள் கிளை வரும் பகுதி மாநாட்டுக்குத் தீர்மானமாக அனுப்புகிறது. தமிழ் வாசகம் என்னுடையது. குறை இருந்தால் திருத்துங்கள், மூலமும் உடன் இணைக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் வியாழக் கூட்டம் இப்போது அந்தப் பெருநிறுவனச் செயலியில் நடப்பதில்லை. 'ஜிட்சி' என்னும் கட்டற்ற மென்பொருளை வாடகைக் கணினி ஒன்றில் இளந்தோழர் நிறுவியிருக்கிறார். முதல் வாரமே அது தொல்லை கொடுத்தது. சென்னையும் கொச்சியும் மட்டும் பேசியவரை நன்றாக இருந்தது. கோவை உள்ளே வந்த நொடியில் எல்லோருடைய குரலும் படமும் மறைந்தன. சென்னைத் தோழர் ஒருவர், பழையதே மேல் என்று முணுமுணுத்தார். இம்முறை யாருக்கும் கடிதம் எழுதவில்லை. பதிவேட்டைத் திறந்தோம், ஆவணத்தைப் படித்தோம். இருவர் மட்டும் பேசினால் பொட்டலங்கள் நேரடியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். மூவரானால் இடையில் உள்ள சர்வரின் 10000ஆம் எண் துறை வழியாகப் போகும். அந்தத் துறையைத் திறக்க நாங்கள்தான் மறந்திருந்தோம். அரைமணி நேரத்தில் கோவைத் தோழர் குரல் கேட்டது. 'சாப்பா'வுக்குத் தமிழில் 'வில்லை' போதுமா, 'சாப்பா' என்றே விடலாமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.